பேகன்களுக்கு ஒரு குருமடம்

அன்புள்ள ஐயா,

விக்கா என்ற நவீன சூனியக்கார மதம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் அமெரிக்காவில், ஒஹாயோவில், ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் வார்டில் சேர்ந்த ஒரு பெண்மணி, படிவத்தில் மதம் என்ற இடத்தில் 'பேகன்' என்று எழுதியிருந்தார், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்திய பழைய தெய்வங்களை வழிபடுகிறவர். புற்றுநோய், முற்றிய நிலை. யாராவது வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார். அன்று டியூட்டியில் இருந்த சேப்ளின், அதாவது நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் மருத்துவமனை மதகுரு, ஒரு லூத்தரன் பாதிரியார். நல்ல மனிதர். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பேகன் குருமாருக்கென்றே ஒரு செமினரி இருக்கிறது என்று கூட வேலை செய்பவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேதநூல் கிடையாது, போப் கிடையாது, ஆளுக்கொரு தெய்வம். பாடத்திட்டம் எங்கிருந்து வரும்? எங்கள் ஊர் அய்யனார் கோயில் பூசாரி எந்தக் காலேஜில் படித்தார்? இது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இல்லையா? கடைசியாக ஒன்று: அந்தப் பெண்மணியிடம் நாங்கள் என்ன கேட்டிருக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பூனை சூடு போட்டுக்கொண்ட கதையா என்பதை உங்களுக்கு முன்பே பேகன்கள் கேட்டுவிட்டார்கள். பாதிரிமார் வேண்டாமென்றுதானே சர்ச்சை விட்டு வந்தோம், மறுபடி பாதிரிகளைத் தயாரிக்க ஒரு பள்ளிக்கூடமா என்று அவர்களுக்குள் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் தன் புத்தகத்தின் மூலம் விக்காவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் கோவன் என்பது ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடுகிற சிறு குழு. தீட்சையில் மூன்று படிகள். வழக்கமாக ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருந்து முதல் படி ஏறினால், அன்றைக்கே நீங்கள் பூசாரி. பக்தர்கள் என்று தனியாக ஒரு கூட்டமே கிடையாது. எல்லோருமே குரு என்றால் குருவுக்குப் படிப்பு எதற்கு?

உங்கள் ஊர் பூசாரிக்கும் இதே கணக்குதான். ஊருக்கு அவரைத் தெரியும், அவர் அப்பாவைத் தெரியும், அவருக்கும் ஒவ்வொரு வீட்டையும் தெரியும். சான்றிதழ் கேட்பவன்தான் அங்கே அசலூர்க்காரன். தெரிந்தவர்களுக்குள் நடக்கிற வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிடும்போதுதான் சிக்கல். உங்கள் வார்டுப் பெண்மணி கூப்பிட்டது அப்படித்தான்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் முதலில் முற்றியது சிறையில். வர்ஜீனியாவில் ஒரு கைதி விக்கா முறைப்படி தியானம் செய்ய வேண்டும் என்று சில பொருட்களைக் கேட்டார்: தன்னைச் சுற்றி வட்டம் போட உப்பு அல்லது கந்தகம், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, வெள்ளை அங்கி, தியானத்திலிருந்து எழுப்ப ஒரு டைமர். சிறை மறுத்தது, வழக்கு மேல்முறையீடு வரை போனது. 1986இல் தீர்ப்பு. விக்கா ஒரு மதம்தான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பாதுகாப்பு கருதி அந்தப் பொருட்களைத் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். மதம் கிடைத்தது, உப்பு கிடைக்கவில்லை.

மதம் என்று ஆனபிறகு மற்ற மதங்களுக்கு இருக்கிற வரிசையில் இவர்களும் போய் நிற்க வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவின் சிறைகளில் சம்பளம் வாங்கும் சேப்ளின் பதவி அப்போது ஐந்து பிரிவினருக்குத்தான் இருந்தது: புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம், அமெரிக்கப் பூர்வகுடி. அங்கே ஊதியமில்லாமல் கைதிகளைப் பார்த்துவந்த பேட்ரிக் மெக்கொலம் என்ற விக்கா குரு வழக்குப் போட்டு, 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். ராணுவத்தில் இன்னும் கெடுபிடி. சேப்ளின் ஆக வேண்டுமானால் பட்டப்படிப்புக்கு மேல் 72 செமஸ்டர் மணி நேரப் படிப்பு வேண்டும், ஒரு மத அமைப்பின் பரிந்துரையும் வேண்டும். 2006இல் ஈராக்கில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சேப்ளின், தான் விக்காவுக்கு மாறிவிட்டதாகச் சொல்லி விண்ணப்பித்தார். பழைய சபை பரிந்துரையைத் திரும்பப் பெற்றது, புதிய அமைப்பின் பரிந்துரையை ராணுவம் ஏற்கவில்லை, அவர் வேலை போயிற்று. படிப்பும் அனுபவமும் உள்ள அதே மனிதர்தான்!

உங்கள் நண்பர் சொன்னது செர்ரி ஹில் செமினரியாக இருக்க வேண்டும். 1990களின் இறுதியில் வெர்மாண்டில் முளைத்தது, பிறகு தென் கரோலைனாவுக்கு இடம் மாறியது. இடம் என்று சொல்வதுகூட ஒரு வழக்கத்துக்குத்தான், வகுப்பெல்லாம் இணையத்தில். 2012இல் முதல் முதுகலை இறையியல் பட்டம் கொடுத்தார்கள். அவர்கள் எதைச் சொல்லித்தருவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தீட்சை தருவதில்லை, யாரையும் குருவாக அபிஷேகம் செய்வதும் இல்லை. அதெல்லாம் அவரவர் கோவன், அவரவர் மரபு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். வேதநூல் இல்லாமல் பாடத்திட்டம் எப்படி என்றீர்களே, இப்படித்தான். ஆற்றுப்படுத்தல், அறநெறி, மதங்களின் வரலாறு, சிறை, மருத்துவமனை, இவற்றுக்கு எந்தத் தெய்வம் என்ற கேள்வியே எழுவதில்லை.

இதில் அறநெறிப் பாடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீட்சை ரகசியமாக நடப்பது. கொடுப்பவர் கையில் எல்லா அதிகாரமும் இருக்கிறது, வாங்குபவர் கையில் நம்பிக்கை மட்டும். கொடுப்பவர் எல்லை மீறினால் புகார் சொல்லப் போக ஆயர் இல்லை, சபை இல்லை. குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால் மதகுரு அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்டு. 'நானும் மதகுரு' என்று சொல்லிக்கொள்கிறவருக்கு இது தெரியாவிட்டால் ஆபத்து.

மருத்துவமனை சேப்ளின்களுக்கான களப்பயிற்சியை நீங்கள் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்றுக்கு 400 மணி நேரம், முழுச் சான்று வேண்டுமானால் நாலு சுற்று. அதில் ஒரு வழக்கம்: நோயாளியிடம் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னது, நான் சொன்னது என்று நினைவிலிருந்து வரிவரியாக எழுத வேண்டும். பிறகு சக மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்வார்கள். எடுத்துக்காட்டாக ஒரு விக்கா மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி, "செத்த பிறகு ஏதாவது இருக்குமா?" என்கிறார். மாணவர் உற்சாகமாகச் சம்மர்லேண்ட் என்ற விக்காவின் மறுவுலகம் பற்றி, மறுபிறவி பற்றி அரைப்பக்கம் பேசியிருக்கிறார். "அவர் உங்களிடம் பதில் கேட்டாரா, பயமாக இருக்கிறது என்று சொன்னாரா?" என்று யாராவது கேட்பார்கள். சர்ச் பையனுக்கும் பேகனுக்கும் விழுகிற குட்டு இங்கே ஒன்றுதான். இதைக் கோவனில் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே எல்லோருக்கும் சம்மர்லேண்ட் ஏற்கெனவே தெரியும்.

பூனைக் கதை பொருந்தும் இடமும் உண்டு. அது ராணுவம் கேட்கிற அந்த 72 மணி நேரம். அந்த அளவுகோல் சர்ச்சுகளின் இறையியல் பட்டத்தை வைத்து வந்தது. அதற்குச் சமமாக முழுப் பட்டம் கொடுக்க முனைந்தால் அங்கீகாரம் வேண்டும், அங்கீகாரத்துக்கு நூலகம், முழுநேர ஆசிரியர்கள், கையிருப்புப் பணம் வேண்டும். செர்ரி ஹில்லுக்கு அந்த அங்கீகாரம் இல்லை, அதை அவர்கள் மறைத்ததும் இல்லை. பணம் எங்கிருந்து வரும்? கார்ட்னர் வழி விக்காவில் தீட்சைக்குக் காசு வாங்குவதே தப்பு. 1983இல் ட்ரூயிட் (பழைய கெல்ட்டியப் பூசாரி வழி) அமைப்பு ஒன்றைத் தொடங்கிய ஐசக் பானவிட்ஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி பேசினார்: நன்றாகப் படித்த, சம்பளம் வாங்குகிற குருமார் வேண்டும் என்று. படிப்புக்கு ஒரு திட்டம் அந்த அமைப்பில் உருவானது, சம்பளம் வரவில்லை. ஐஸ்லாந்தில் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) தெய்வங்களை வழிபடும் அமைப்புக்கு 1973இலேயே அரசு அங்கீகாரம் கிடைத்தது. அங்கே பதிவுசெய்த உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று அரசே மத அமைப்புகளுக்குப் பணம் தருகிறது. அமெரிக்காவில் அரசு அப்படித் தர முடியாது, அரசியலமைப்பு விடாது. ஆக மாணவர் கைக்காசைக் கட்டிப் படித்து, படித்தபின் தன் சமூகத்தில் வேலையில்லாமல், மருத்துவமனை வாசலிலோ, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் வாசலிலோதான் போய் நிற்க வேண்டும். பல பேகன்கள் அதனால், எந்த நம்பிக்கைக்காரரையும் ஏற்கும் யூனிடேரியன் பிரிவின் செமினரிகளில் சேர்ந்து பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அதுதான் புத்திசாலித்தனம் என்பேன். பட்டத்தை அங்கே வாங்கட்டும். பேகன் பள்ளி, வேறு யாரும் சொல்லித்தராததை மட்டும் குறுகிய சான்றிதழ்ப் படிப்புகளாகத் தரட்டும்: ஒவ்வொரு மரபின் ஈமச் சடங்கு, சிறைக்குள் எதை வைத்து எதை ஈடுகட்டலாம், தீட்சையின் அறம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 'பேகன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. விக்காவா, ட்ரூயிடா, நார்ஸ் வழியா, எந்தக் குழுவிலும் சேராமல் தனியாகக் கும்பிடுகிறவரா என்று முதலில் கேளுங்கள். தனி ஆட்கள் நிறைய. அடுத்தது, இதைக் குடும்பத்துக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாரா என்பது. அப்படிப் பலர் இருக்கிறார்கள். பார்க்க வந்த அக்கா எதிரில் சேப்ளின் போய் "நீங்கள் பேகன் இல்லையா?" என்று விசாரித்தால் காரியம் கெட்டது. ஆக்சிஜன் ஓடும் அறையில் மெழுகுவர்த்தி கூடாது, பேட்டரி விளக்குப் போதும். வட்டம் போடும் சடங்குக் கத்தியைப் பாதுகாவலர் உள்ளே விடமாட்டார், விரலால் வட்டம் போட்டாலும் செல்லும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் ஒரு கிண்ணத்தில், வீட்டிலிருந்து ஒரு கல், முடிந்தால் ஜன்னலோரக் கட்டில். யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று கேட்டு, அவர் கொடுக்கிற நம்பரைக் கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அந்த நம்பர் ஒரு குருவுடையதாக இருக்காது, சிநேகிதியுடையதாக இருக்கும். அவரையும் உள்ளே விடச் சொல்லுங்கள்.