உயிர் இரசாயனவியல் பட்டத்துக்காக நிலாவெளிக் காணியை விற்கலாமா?

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கிறேன். கணவர் காலமாகி ஆறு வருடங்களாகின்றன. அவருடைய ஓய்வூதியத்தில் குடும்பம் நடக்கிறது. மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வைத்தியத்துக்குப் போதாது. விஞ்ஞான பீடம் கிடைக்கலாம் என்று ஆசிரியர் சொல்கிறார். அவளுக்கு உயிர் இரசாயனவியல் படிக்கத்தான் விருப்பம். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் மூன்று வருடப் பட்டத்தை 24 இலட்சத்துக்குத் தருகிறது, உடனே தொடங்கலாம். வங்கியில் 18 இலட்சம் நிலையான வைப்பு உண்டு. மீதிக்கு, அவளுக்குச் சீதனமாக வைத்திருக்கும் நிலாவெளிக் காணியை விற்கலாமா? முடித்து வந்தால் திருகோணமலை வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறோம். கொழும்பில் தனியார் ஆய்வுகூடத்தில் இருக்கும் என் தமையனின் மகன் 65,000 ரூபாய் சம்பளம் எடுக்கிறார்.

பதில்: அம்மா, வைத்தியசாலை வேலை பற்றிய உங்கள் நம்பிக்கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் காணியை விற்கும் யோசனை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. அரச வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் பதவிக்கு அதற்குரிய பயிற்சியும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் வேண்டும். உயிர் இரசாயனவியல் பட்டம், அது எந்தப் பல்கலைக்கழகத்துடையதாக இருந்தாலும், அந்தப் பதிவைத் தானாகப் பெற்றுத் தராது. மகளின் மனம் உண்மையில் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது என்றால், யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் உள்ள மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்தை விண்ணப்பத்தின் விருப்பொழுங்கில் மேலே எழுதச் சொல்லுங்கள். அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். திருகோணமலை, கல்வியில் பின்தங்கியவையெனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று என்பதால் அவற்றுக்கென ஒதுக்கப்படும் 5 சதவீத இடங்களிலும் உங்கள் மகள் போட்டியிடுகிறாள்.

அவள் வேண்டுவது உயிர் இரசாயனவியலே என்றால் பணக் கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 35,000 ரூபாய் என்று வைத்தால் மூன்று வருடத்தில் 12.6 இலட்சம், கட்டணத்தோடு 36.6 இலட்சம். அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. மாதம் 25,000 வீதம் நான்கு வருடத்துக்கு 12 இலட்சம் போதும். மஹாபொல புலமைப்பரிசில் அல்லது பர்சரி உதவிப்பணம் கிடைத்தால் அதுவும் குறையும். வித்தியாசம் 24.6 இலட்சம். தனியார் படிப்பு ஒரு வருடம் குறைவு, அனுமதிக்காகக் காத்திருக்கும் காலமும் மிச்சம், ஆகவே மகள் இரண்டு வருடம் முந்திச் சம்பாதிப்பாள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் தமையனின் மகனுடைய சம்பளத்தை அவளுக்கும் எழுதினால், ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் 15.6 இலட்சம்தான். அப்போதும் 9 இலட்சம் துண்டு விழுகிறது.

இன்னொரு விடயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இத்தகைய படிப்புகளில் கட்டணத்தின் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஸ்டேர்லிங் பவுணில் செலுத்த நேர்வதுண்டு. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோது, பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு பெற்றோர் பட்ட பாட்டை நாம் எல்லோரும் கண்டோம். 24 இலட்சமும் ரூபாயிலேயே நிலையானது என்று எழுத்தில் தராவிட்டால் அந்தத் தொகையை நம்ப வேண்டாம்.

உயிர் இரசாயனவியல் நல்ல படிப்புத்தான். அதை மகளிடம் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் முதற்பட்டத்தோடு நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் தனியார் ஆய்வுகூடங்கள், உணவு மற்றும் மருந்துத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள், மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை, ஆசிரியத் தொழில் ஆகியவையே வாய்க்கின்றன. நம்மூரில் சீனக்குடா மாவாலையில்கூடத் தரப் பரிசோதனை வேலை உண்டு, ஆனால் இடங்கள் சில. இத்துறையின் உயர்ந்த பலன் பெரும்பாலும் இரண்டாம் படியில், அதாவது ஆராய்ச்சிப் பட்டத்தில் கிடைக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிர் இரசாயனவியல் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவானவர்களுக்குப் பொதுவாகக் கட்டணமும் விலக்கப்பட்டு மாதக் கொடுப்பனவும் வழங்கப்படுகிறது. அதற்கு முக்கியமாகக் கேட்கப்படுவது நல்ல வகுப்புச் சித்தியும் ஆய்வுகூட ஆராய்ச்சி அனுபவமும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் சிறப்புப் பட்டம் (ஒரே துறையை ஆழமாகப் படிப்பது) போன்ற நான்கு வருடப் படிப்பில் இறுதி ஆண்டு ஆராய்ச்சி அந்த அனுபவத்தைத் தருகிறது. ஒன்றைக் கவனியுங்கள்: விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்ததும் சிறப்புப் பாடம் கைக்கு வராது, ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றைக் கொண்டே அதற்குத் தெரிவு செய்வார்கள். ஆகவே முதல் வருட இரசாயனவியலில் அசட்டை கூடாது.

என் முடிவு இதுதான்: அரச அனுமதி கிடைத்தால் அதை எடுங்கள், காணியைத் தொடாதீர்கள். 18 இலட்சத்துக்கு வருடம் 8 சதவீத வட்டி கிடைக்கிறது என்று கொண்டால், மாதம் 25,000 எடுத்தாலும், வரியை விட்டுப் பார்க்கையில், நான்கு வருட முடிவில் 10 இலட்சத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். மேற்படிப்புக்கான பரீட்சைக் கட்டணம், விண்ணப்பங்கள், வீசா, விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு அந்தப் பணம் அப்போது தேவைப்படும். அனுமதி கிடைக்காமல் தனியார் படிப்புக்கே போக நேர்ந்தால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்றும், அரசின் வட்டியற்ற மாணவர் கடன் திட்டத்தில் ஒத்த படிப்பு ஏதும் இருக்கிறதா என்றும் விசாரித்த பின்னரே முற்பணம் கட்டுங்கள். இன்று அந்த நிறுவனத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில், அனுமதிப் பெறுபேறு வரும் வரை காத்திருக்கிறோம் என்பதே.