அதே பிளக்-இன் ஹைப்ரிட், சிங்கப்பூரில் மட்டும் ஏன் இந்த விலை?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: சீன நிறுவனமான பிஒய்டியின் சீலயன் 6 (பெட்ரோல் இன்ஜினோடு, செருகிச் சார்ஜ் செய்யும் பேட்டரியும் உள்ள பிளக்-இன் ஹைப்ரிட்) ஆஸ்திரேலியாவில் 48,990 ஆஸ்திரேலிய டாலர் என்று மெல்பர்னில் இருக்கும் மச்சான் சொல்கிறார், இங்கே ஷோரூமில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கிறார்கள், ஏமாற்றுகிறார்களா? ஜொகூரிலோ ஆஸ்திரேலியாவிலோ வாங்கிக் கொண்டுவந்துவிடலாமா?

ஏமாற்று இல்லை. ஆனால் நீங்கள் ஒப்பிடும் விலைகள் ஒரே வகை இல்லை. அந்த 48,990, 2024-ல் அறிமுகமானபோது சொன்ன ஆரம்ப விலை. பதிவுக் கட்டணம், முத்திரை வரி எல்லாம் அதற்கு மேல். இதே கார் பிரிட்டனில் சீல் யூ என்ற பெயரில் 33,205 பவுண்டில் தொடங்கியது. அதில் 20% வாட் வரி உள்ளடக்கம். சீனாவில் இதன் பெயர் சோங் பிளஸ். பெயரே ஊருக்கு ஊர் மாறுவதால் இணையத்தில் தேடும்போது எந்த பேட்டரி, எந்த மாடல் என்பதையும் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் தூரமும் ஊருக்கு ஊர் மாறும். சீனச் சோதனை முறையில் வரும் எண் ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி சோதனை எண்ணைவிடத் தாராளமாக இருக்கும்.

இங்கே விலைக்கு அடிப்படை எண் ஓஎம்வி, அதாவது திறந்த சந்தை மதிப்பு. கார் வாங்கிய விலை, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து சுங்கத்துறை நிர்ணயிக்கும் மதிப்பு அது. ஓஎம்வி 30,000 வெள்ளி என்று வையுங்கள். உற்பத்தி வரி 20%, அதாவது 6,000. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9% ஜிஎஸ்டி, 3,240. பிறகுதான் பெரிய அடி, ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம்: ஓஎம்வியின் முதல் 20,000-க்கு 100%, அடுத்த 20,000-க்கு 140%, அடுத்தடுத்த 20,000-களுக்கு 190%, 250%, 80,000-க்கு மேல் 320%. இந்தக் காருக்கு 34,000 வரும். பதிவுக் கட்டணம் 350. கூட்டினால் 73,590. இதில் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழின் விலை, இன்னும் சேரவில்லை. கணக்குக்காக ஒரு லட்சம் வெள்ளி என்று போட்டாலே 1,73,590. விற்பவரின் லாபம் அதற்கும் மேல்.

இனி ஓஎம்வியை மட்டும் 40,000 ஆக்கிப் பாருங்கள். சிஓஇக்கு முந்தைய தொகை 1,00,670 ஆகிவிடும். தொழிற்சாலையில் 10,000 கூடினால் உங்கள் பையில் 27,080 கூடுகிறது. பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கு இங்கே இருக்கும் உண்மையான பிரச்சினை இதுதான். சாதாரண ஹைப்ரிட்டில் ஒன்றிரண்டு கிலோவாட்-மணி பேட்டரி போதும். சீலயன் 6-இன் அடிப்படை மாடலில் 18.3. இன்ஜினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு, இரண்டின் செலவும் ஓஎம்விக்குள் ஏறி வரியால் பெருகுகிறது. முழு மின்சாரக் காருக்கு ஏஆர்எஃப்பில் கிடைக்கும் தனித் தள்ளுபடி பிளக்-இன்னுக்குக் கிடையாது. காரின் மாசைப் பொறுத்துத் தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ போடும் விஇஎஸ் திட்டத்தின் கணக்கிலும் பெட்ரோல் புகையோடு அது இழுக்கும் மின்சாரத்தையும் கரியமில வாயுவாக மாற்றிச் சேர்ப்பார்கள். ஐந்து மாசுகளில் எது மோசமோ அதுதான் காரின் பிரிவைத் தீர்மானிக்கும். தொகைகள் அடிக்கடி மாறுவதால் பதிவு செய்யும் மாதத்தின் எண்ணைக் கேளுங்கள்.

சீனாவில் நிலைமை நேர்மாறு. பிஒய்டி சின் பிளஸ் பிளக்-இன்னை 2024 பிப்ரவரியில் 79,800 யுவானுக்கு விட்டார்கள், நம் காசில் சுமார் 15,000 வெள்ளி. நாம் சிஓஇயை ஏலம் விடுவதுபோல ஷாங்காய் நம்பர் பிளேட்டை ஏலம் விடும் ஊர். அங்கேகூட 2022 முடியும் வரை பிளக்-இன்னுக்கு பிளேட் இலவசம், பிறகு நிறுத்திவிட்டார்கள். இந்தியக் கதை வேறு: 2025 செப்டம்பர் 22 முதல் அங்கே மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5%, சிறிய கார் வரம்பைத் தாண்டும் ஹைப்ரிட்டுக்கு 40%. பிளக்-இன்னும் ஹைப்ரிட் கணக்குதான். சென்னையில் அதிகம் கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சிஓஇ பிரிவைப் பாருங்கள். முழு மின்சாரம் அல்லாத கார் 1,600 சிசி, 97 கிலோவாட்டுக்குள் இருந்தால்தான் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவு. மின்சாரக் காருக்குரிய 110 கிலோவாட் சலுகை பிளக்-இன்னுக்கு இல்லை. விலையில் எவ்வளவு சிஓஇ சேர்த்திருக்கிறார்கள், ஏலம் அதற்குக் கீழே முடிந்தால் மிச்சம் திரும்ப வருமா, மேலே போனால் யார் கட்டுவது, எத்தனை ஏலத்துக்குள் எடுத்துத் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு இங்கே செல்லாது. ஓஎம்வி 20,000-ஐத் தாண்டினால் கடன் 60% வரைதான், அதிகபட்சம் 7 ஆண்டு. மேலே சொன்ன 1,73,590-க்கு ஏறக்குறைய 70,000 ரொக்கம் வேண்டும்.

ஜொகூர் பதிவுக் காரை இங்கே குடியிருப்பவர் இங்கே வைத்து ஓட்டக் கூடாது. பழைய காரை இறக்குமதி செய்யலாம். வலக்கைப் பக்க ஸ்டியரிங், 3 வயதுக்குள் என்ற நிபந்தனையோடு 10,000 வெள்ளி கூடுதல் கட்டணம், அதற்குமேல் அதே ஏஆர்எஃப், அதே சிஓஇ. மிச்சம் எதுவும் இல்லை.

பேரலல் இம்போர்ட் கடையில் (அதிகாரபூர்வ விற்பனையாளர் அல்லாமல் தாமே இறக்குமதி செய்து விற்பவர்) ஜப்பான் பிளக்-இன் மலிவாகத் தெரிந்தால் சார்ஜ் துளையைத் திறந்து பாருங்கள். ஜப்பான் கார்களில் டைப் 1, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்தங்களில் இருப்பது டைப் 2; கேபிள் பொருந்தாது. வேகச் சார்ஜும் பல பிளக்-இன்களில் இல்லை. உங்கள் புளோக்கில் சார்ஜர் இருக்கிறதா, இரவு எட்டு மணிக்கு அது காலியாக இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் இறங்கிப் பாருங்கள். 6.6 கிலோவாட் வாங்கும் காருக்கு 18 கிலோவாட்-மணி ஏற மூன்று மணி நேரம் ஆகும். முடிந்த பிறகும் காரை நகர்த்தாமல் விட்டால் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் போடும். வாரம் ஒருமுறைதான் செருக முடியும் என்றால் சாதாரண ஹைப்ரிட்டையே வாங்குங்கள். கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட்டுவதற்கு இவ்வளவு வரி கட்ட வேண்டாம்.

மலேசியா போகும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கும் உண்டு. மின்சாரத்திலேயே ஓட்டுகிறோம், பெட்ரோல் எதற்கு என்று வற்றவிட்டுக் காஸ்வேக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அபராதம் 500 வெள்ளி வரை.