டோக்கியோவுல சைவமா? முதல்ல அந்த மீன் தண்ணியப் பத்தி பேசுவோம்

தம்பி, "அடுத்த மாசம் டோக்கியோ வர்றேன், நான் கோழி மீன் சாப்பிடுவேன், மாடு பன்னி ஆகாது, மனைவி சுத்த சைவம் முட்டைகூட கிடையாது, கூட வர்ற நண்பருக்கு ஹலால் வேணும், வெளிய போனா எங்க சாப்பிடுறது, ஊர் சுத்தப் போனா என்ன பண்றது, வீடு எங்க பாக்குறது, எந்த சிம் வாங்குறது"ன்னு ஒரே மூச்சுல கேட்டிருக்கீங்க. சிம் ஏர்போர்ட்லயே கிடைக்கும், வீட்டை உங்க கம்பெனி பாத்துக்கும், அதெல்லாம் தன்னால நடக்கிற காரியம். கடைசியா ஒரு வரி போட்டிருந்தீங்களே, "புத்த நாடுதானே அக்கா, சைவம் ஈசியா கிடைக்கும்தானே"ன்னு, அதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் பதில் எழுதியே ஆகணும்னு உக்காந்தேன்.

நானும் அதே நெனப்போட பிளேன் ஏறினவதான். திருநெல்வேலி சைவப்பிள்ளைமார் வீடு, சொதியும் அவியலும் சாப்பிட்டு வளந்த நாக்கு. வந்த வாரமே என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல வரவேற்பு விருந்துன்னு ஒரு இசகாயாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இசகாயான்னா குடிச்சுக்கிட்டே சாப்பிடுற கடை. உக்காந்ததும் கேக்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதுக்குப் பேரு ஒதோஷி, அதுக்குக் காசும் உண்டு. எனக்கு வந்த கிண்ணத்துல குட்டிக் கணவா. சரி, இந்தம்மாவுக்கு டோஃபு சொல்லுவோம்னு பாவம் ஒருத்தர் சொன்னார். வந்துச்சு, பொரிச்ச டோஃபு, சுத்தி பழுப்புத் தண்ணி, மேல மரத்தை இழைச்ச சுருள் மாதிரி மெல்லிசா என்னமோ தூவி இருக்கு, ஆவி பட்டதும் அது பாட்டுக்கு நெளியுது, ஆடுது. உசிரோட இருக்குதோன்னு பதறிட்டேன். அதுதான் கட்சுவோபுஷி, சூரை மீனை அவிச்சு புகை போட்டு கட்டை மாதிரி காயவெச்சு சீவுனது. மேல இருந்ததை மட்டும் எடுத்துட்டா போதுமான்னா போதாது, கீழ இருந்த பழுப்புத் தண்ணியும் அதுல எறக்குனதுதான். அன்னைக்கு ராத்திரி எனக்கு உப்புப் போட்டு அவிச்ச சோயாக்காய்தான் சாப்பாடு. எடமாமேன்னு கேளுங்க, அனேகமா எல்லா இசகாயாவுலயும் இருக்கும், உங்க வீட்டம்மாவைக் கைவிடாது.

இந்தத் தண்ணிக்குப் பேரு தாஷி. ஜப்பான்ல சைவக்காரங்களுக்கு எதிரி கறி இல்ல தம்பி, கறி கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிடலாம். தாஷி தெரியாது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, சோபா நூடுல்ஸ் தொட்டுக்கிற சாறு, டெம்புரா பஜ்ஜி தொட்டுக்கிற சாறு, இனாரி சுஷியோட அந்த இனிப்பு டோஃபு தோல், கீரை அவிச்சது, பூசணி அவிச்சது, எல்லாத்துலயும் உண்டு. நாட்டோங்கிற புளிச்ச சோயா டப்பாவுக்குள்ள இருக்கிற குட்டி சாஸ் பாக்கெட்ல கூட உண்டு. புத்த நாடுதான், இல்லங்கல. 675-ல தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னக் கூடாதுன்னு ஆணை போட்டார், 1872-ல மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்டதை ஊரறியச் சொன்ன பிறகுதான் கறி பெருசாப் பரவுச்சு. ஆனா அந்த ஆயிரத்திச் சொச்சம் வருஷத்துல மீனை யாரும் நிறுத்தவே இல்ல. அதனால இவங்க கணக்குல மீன் தண்ணிங்கிறது நமக்கு தாளிப்பு மாதிரி, அதை ஒரு சாமானாவே எண்ண மாட்டாங்க. கடைக்காரர் "காய்கறி மட்டும்தான் இருக்கு"ன்னு சத்தியம் பண்ணுவார், அவர் பொய் சொல்லல.

பாக்கெட் மேல அலர்ஜி லிஸ்ட் போட்டிருக்கு, அதைப் பாத்து வாங்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, வேர்க்கடலை எல்லாம் கட்டாயம் போடணும், மாடு பன்னி கோழி ஜெலட்டின் போட்டா நல்லதுன்னு பரிந்துரை இருக்கு. கட்சுவோ, அதான் அந்தச் சூரை மீன், ரெண்டுலயும் இல்ல. அந்தக் கட்டத்துல ஒண்ணும் இல்லன்னாலும் உள்ள மீன் இருக்கலாம், அதனால முழுப் பட்டியலையும் படிக்கணும். போன் கேமரா மொழிபெயர்ப்பு பரவால்ல, ஆனா பொடி எழுத்துல சொதப்பும். மாடு, பன்னி, கோழி, மீன், கட்சுவோ, இந்த அஞ்சுக்கு உண்டான எழுத்தை மட்டும் உங்க வீட்டம்மாவைப் படிக்கச் சொல்லுங்க. வேற ஜப்பானிய மொழி அப்புறம் பாத்துக்கலாம்.

கடையில "பெஜிதேரியன்"னு மட்டும் சொன்னா காய்கறி பிடிக்கும்போலன்னு நெனச்சுக்குவாங்க, மேல ஹாம் போட்டு சாலட் வரும். "தாஷி மோ தமே தெஸ்"னு சொல்லப் பழகிக்கோங்க, தாஷியும் கூடாதுன்னு அர்த்தம். அதைவிட நல்லது, ஆபீஸ்ல ஒரு ஜப்பான்காரர்கிட்ட ஒரு அட்டையில அழகா எழுதி வாங்கிக்கிறது. அதை நீட்டுனா பெரும்பாலும் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து ரெண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வெச்சு மன்னிப்புக் கேப்பாங்க. அப்ப எழுந்து வந்துரணும், சண்டை போடக்கூடாது. நம்மாளுங்க சிலபேரு இருக்காங்க, "அந்தக் கறியை எடுத்துட்டுக் குடு, அவ்வளவுதானே, காசு குடுக்கிறேன்ல"ன்னு கவுன்டர்ல நின்னு வாதாடுறது. அந்தக் குழம்பு காலையிலயே வெச்சு முடிச்சது, அவர் எங்க இருந்து எடுப்பார்? ராமென் நூடுல்ஸ் கடைகள்ல நெறைய வாசல்லயே மெஷின்ல டிக்கெட் எடுக்கணும், அங்க கேள்வி கேக்க ஆளே கிடையாது, பட்டனோட என்ன பேசுவீங்க. பிடிவாதம் பிடிச்சு அவமானப்படுத்திட்டு வந்தா அடுத்து வர்ற இந்திய மூஞ்சிக்குத்தான் அந்தக் கடையில கதவு சாத்தும்.

சரி, நல்லது சொல்றேன். நீங்க நிஷிகசாய் பக்கம்தான் வருவீங்க, எல்லாரும் அங்கதான் வர்றாங்க, ரெண்டாயிரமாவது வருஷக் கம்ப்யூட்டர் பிரச்சனைக்காக வந்த ஐ.டி. கூட்டம் தோசாய் லைன்ல ஆபீஸுக்குப் போக வசதின்னு எடோகவா வார்டுல குடியேறுச்சு, அப்படியே வேர் பிடிச்சுருச்சு. அம்பிகா கடையில பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். ஒகாச்சிமாச்சியில வெஜ் ஹெர்ப் சாகான்னு முழுச் சைவத் தென்னிந்தியக் கடை, கின்சாவுல நடராஜ், அதுவும் சைவம். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ள, டிக்கெட் கேட்டுக்கு உள்பக்கம், டீஸ் தான்தான்னு வீகன் ராமென் கடை, எள்ளு வாசனையோட. ரயில் மாறுற நேரத்துல உங்க வீட்டம்மாவும் ஜப்பான் ராமென்னு ஒண்ணை உறிஞ்சிச் சாப்பிடலாம். மோஸ் பர்கர்ல 2020-ல கிரீன் பர்கர்னு ஒண்ணு வந்துச்சு, கறி முட்டை பால் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. அது புத்தத் துறவி சாப்பாட்டுக் கணக்கு, ஆனா நம்ம ஊரு ஜெயின்காரங்களும் ஆச்சாரக்காரங்களும்தான் கும்பிட்டுச் சாப்பிடுறாங்க. கோகோ இச்சிபான்யாங்கிற கர்ரி சோத்துக் கடையிலயும் பிராணிப் பொருள் சேக்காத ஒரு வெஜ் கர்ரி உண்டு, ஆனா எல்லாக் கிளையிலயும் இல்ல. சைவக் கடை தேட ஹாப்பிகவ் ஆப் போட்டுக்கோங்க, போறதுக்கு முன்னால கடை திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க, இந்த ஊர்ல கடைக்காரர் நெனச்ச அன்னைக்கு லீவு.

ஆனா "இந்தியன் ரெஸ்டாரன்ட்"னு போர்டு பாத்து ஓடிப்போய் உக்காராதீங்க. ஸ்டேஷனுக்கு ஒண்ணு இருக்கும், முக்காவாசி நேபாளத்துக்காரங்க நடத்துறது. தட்டைவிடப் பெருசா தொங்குற இனிப்பு நான் ரொட்டி, பட்டர் சிக்கன், முட்டைகோஸ் சாலட் மேல ஆரஞ்சு கலர்ல ஒரு சாஸ், நாடு பூரா ஒரே மெனு. பாவம் உழைக்கிறாங்க, பசிச்ச நேரத்துக்கு எத்தனையோ பேருக்கு அதுதான் சோறு, நான் குறை சொல்லல. சொல்லலைன்னு சொல்லிக்கிட்டே சொல்றேன்: ஒரே பெரிய சட்டியில அடிப்படைக் குழம்பு வெச்சிருப்பாங்க, அதே கரண்டி எல்லாத்துலயும் போகும், ஒரு கடையில எனக்கு வந்த வெஜ் கர்ரியில கோழி எலும்பு கிடந்துச்சு. கேட்டா "சின்னதுதானே தீதி"ன்னு சிரிக்கிறார்.

அதைவிட ஜப்பான்காரங்களே நடத்துற தென்னிந்தியக் கடைங்க அருமை. ஆச்சரியமா இருக்கும் உங்களுக்கு. இந்தியச் சாப்பாடு இங்க புதுசு இல்ல, ஷிஞ்சுகு நகமுராயா கடையில நம்ம விடுதலைப் போராட்டக்காரர் ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக்கொடுத்த கர்ரி 1927-ல இருந்து ஓடுது, கின்சாவுல கேரளத்துக்காரர் ஏ.எம். நாயர் 1949-ல தொடங்குன கடை இருக்கு. இப்ப என்னடான்னா சென்னைக்கும் கேரளாவுக்கும் போய்க் கத்துக்கிட்டு வந்து "மீல்ஸ்"னே போர்டு எழுதி, வாழையிலையில ரசம், கூட்டு, பொரியல்னு வரிசையா வெக்கிறாங்க. அவங்ககிட்ட சைவம்னா என்னன்னு விளக்கவே வேணாம், மோர்க்குழம்புல என்ன போட்டேன்னு அவங்களே சொல்லுவாங்க. ஒரு கடையில அந்தப் பையன் வெச்ச புளிக்குழம்பைச் சாப்பிட்டுட்டு எங்க அத்தை, என் மாமியார், "இவனுக்கு எவ சொல்லிக்கொடுத்தா"ன்னு அடுப்படியை எட்டிப் பாத்தாங்க.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை தம்பி, நான் கோழி சாப்பிடுவேன் எனக்கென்னன்னு இருக்காதீங்க. பன்னி ஆகாதுன்னா இங்க உங்களுக்கும் பாடுதான். ராமென் சாறுல பன்னி எலும்பு, கொழுக்கட்டை மாதிரி இருக்கிற கியோசாவுக்குள்ள பன்னி, ஹம்பர்க்னு தட்டுல வர்றது பெரும்பாலும் மாடும் பன்னியும் கலந்து அரைச்சது, கட்டியா விக்கிற கர்ரி மசாலா நெறைய பிராண்டுல மாட்டுக்கொழுப்பு பன்னிக்கொழுப்பு, தூள் தோய்ச்சுப் பொரிக்கிற கட்சு கடையில கோழி கேட்டாலும் அதே பன்னிக்கொழுப்பு எண்ணெயில பொரிக்கலாம். குச்சியில வாட்டுற யாகிதோரி கடையில கோழி மட்டும்தான்னு நெனைச்சா பன்னிக்குச்சியும் பக்கத்துலயே வாட்டுவாங்க. உங்க நண்பருக்கு ஷின் ஓகுபோவுல ஹலால் தெருவே இருக்கு, யோயோகி உஎஹராவுல டோக்கியோ ஜாமி பள்ளிவாசல்ல ஹலால் கடையும் இருக்கு. ஜப்பான் சாப்பாட்டுல மிரின், சாகேன்னு சமையல்லயே சாராயம் விழும்னு மட்டும் சொல்லி வைங்க, கறி ஹலாலா இருந்தா போதாதுன்னு அவர் நெனச்சா அதையும் கேக்கணும்.

ஊர் சுத்துறது. இங்க ரெண்டு விதமா நம்மாளுங்க உண்டு. ஒரு கூட்டம் கியோட்டோவுக்குப் போனாலும் குக்கரும் உடனடி உப்புமா பாக்கெட்டும் கட்டிக்கிட்டுப் போய் ஹோட்டல் ரூம்ல வெந்நி போடுற கெட்டில்ல சமைச்சுட்டுத் திரும்பும், இத்தனை வருஷம் இருந்தும் இந்த ஊரு வாசனையே படாது. இன்னொரு கூட்டம் வெளிய எல்லாத்தையும் தின்னுட்டு ஊருக்குப் போன் பேசும்போது "தயிர்சாதம்தான் சித்தி"ன்னு சொல்லும். ரெண்டும் வேணாம். பாரம்பரிய தங்கும் விடுதி ரியோகான் புக் பண்ணினா ராத்திரிச் சாப்பாடு இல்லாம எடுங்க, அந்தப் பதினாறு கிண்ண விருந்து முழுக்க தாஷிதான், கடைசி நேரத்துல மாத்தச் சொன்னா அவங்க அழுதுருவாங்க. சாப்பிட்டே ஆகணும்னா புக் பண்ணும்போதே எழுதிக் கேளுங்க. ஒசாகாவோட முட்டைகோஸ் அடை, ஒகோனோமியாகி, அது மேல அதே நெளியற சுருள், மாவுலயும் தாஷி, அந்த ஊர்ல உங்க வீட்டம்மாவுக்கு இந்தியக் கடைதான்.

கியோட்டோ போனா அராஷியாமா தென்ர்யூஜி கோயிலுக்குள்ள ஷிகெட்சுன்னு ஒரு இடம், ஷோஜின் ரியோரி, அதாவது துறவிகள் சைவம். ஒசாகாவுல இருந்து நன்காய் ரயில் ஏறி, கடைசியில மலை மேல இழுத்துட்டுப் போற கேபிள் வண்டியில கோயாசான் போங்க, குகாய் 816-ல இடம் வாங்கித் தொடங்குன மடம், கோயில்லயே தங்கலாம். தாஷி அங்கயும் உண்டு, ஆனா கொம்புன்னு சொல்ற கடல்பாசியும் காஞ்ச ஷிட்டாகே காளானும் ஊறவெச்சது. எங்க அத்தை வந்தப்ப கூட்டிட்டுப் போனேன். மாச வெள்ளிக்கிழமை வெளியில தண்ணிகூட யோசிச்சுக் குடிக்கிற மனுஷி. மாலை ஆறு மணிக்கே பாய் போட்ட அறையில, முழங்கால் உயரச் செவப்புப் பலகை மேல குட்டிக் குட்டிக் கிண்ணமா கொண்டாந்து வெச்சார் ஒரு மொட்டைத்தலைச் சின்னச் சாமியார். எள்ளை அரைச்சு களியா கிண்டுன எள்ளு டோஃபு, உறையவெச்சு காயப்போட்டு மறுபடி ஊறவெச்ச கோயா டோஃபு, பஞ்சு மாதிரி, அமுக்குனா சாறு வரும். அத்தை ஒவ்வொண்ணையும் மோந்து பாத்து, அந்த எள்ளுக்களி ரெண்டாவது தடவை கிடைக்குமான்னு என்கிட்ட கேக்கச் சொல்லி, கிடைக்காதுன்னதும் என் கிண்ணத்தை எடுத்துக்கிட்டாங்க.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன், அதுவும் சாப்பாட்டுக்காகத்தான். மிக்ஸி ஊர்ல இருந்து தூக்கிட்டு வராதீங்க, இங்க 100 வோல்ட், நம்ம 230 வோல்ட் மிக்ஸி சட்னிகூட அரைக்காது, கனமான டிரான்ஸ்பார்மர் வாங்கணும். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில வெச்சா ஏர்போர்ட்லயே எடுத்துக்குவாங்க, காயவெச்சதானாலும் கேட்டுட்டுக் கொண்டாங்க. குக்கர் மட்டும் பாத்து வாங்கணும், சில அபார்ட்மென்ட்ல கேஸ் கிடையாது, ஐஹெச் அடுப்புதான், அதுல அலுமினியக் குக்கர் சூடே ஆகாது, அடியில இண்டக்‌ஷன் தகடு இருக்கிற ஸ்டீல் குக்கர் வேணும். கம்பெனிக்கு இன்னைக்கே மெயில் போட்டு அடுப்பு என்னன்னு கேட்டுட்டு அப்புறமா கடைக்குப் போங்க.