லண்டன் திரும்பிப் போற குடும்பத்துக்கு சைல்டு பெனிஃபிட்: யாரு பேர்ல போடணும், எந்த நாள்ல போடணும்

பெரம்பூர்ல இருந்து ஒரு வாசகி விவரமா எழுதியிருக்காங்க. வீட்டுக்காரர் பிரிட்டிஷ் சிட்டிசன், இவங்க இந்தியன் பாஸ்போர்ட். ஈஸ்ட் ஹாம்ல குடும்பம் நடத்திட்டு இருந்தவங்க, 2023 ஜூலைல மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சுன்னு ரெண்டு மாசத்துக்குன்னு கெளம்பி வந்து இங்கயே தங்க வேண்டியதா போச்சு. பெரிய பொண்ணு எட்டு வயசு, அங்க பொறந்தவ, இப்ப இங்க ஸ்கூல் போறா. சின்னவன் ஒன்றரை வயசு, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரில பொறந்தான், அவனுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியாச்சு. வீட்டுக்காரருக்கு அங்க 64,000 பவுண்டு சம்பளத்துல வேலை கெடச்சிருக்கு, ஜனவரில அவர் மட்டும் முன்னாடி போறாரு, பொண்ணுக்கு பரீட்சை முடிஞ்சு ஏப்ரல் கடைசில இவங்க மூணு பேரும் போறாங்க. கேள்வி மூணு. அவர் சிட்டிசன் தான, போன உடனே சைல்டு பெனிஃபிட், அதாவது புள்ளைங்கள வளர்க்கறவங்களுக்கு பிரிட்டிஷ் அரசு தர்ற பணம், வருமா? அம்மாங்கறதால நான் என் பேர்ல போடலாமா? அப்புறம் கொஞ்சம் பயந்துட்டே கேட்ட கேள்வி, இங்க வந்த அப்புறமும் பல மாசம் அங்க அக்கவுண்ட்ல பணம் விழுந்துட்டு இருந்துச்சே, அது என்ன ஆகும்?

ரெண்டாவது கேள்வில இருந்து ஆரம்பிக்கிறேன் மா, ஏன்னா அதுல தப்பு நடந்தா பணத்தோட போகாது, உங்க விசாவயே பாதிக்கும். உங்க பேர்ல போடாதீங்க. நீங்க ஸ்பௌஸ் விசால போவீங்க, அந்த விசால பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவித்தொகைங்கள, வாங்கக்கூடாதுன்னு கண்டிஷன் இருக்கும், சைல்டு பெனிஃபிட் அந்த லிஸ்ட்ல இருக்கு. புள்ளைங்க ரெண்டும் பிரிட்டிஷா இருந்தாலும் அப்ளை பண்றவங்க யாருன்னு தான் பாப்பாங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் தாராளமா போடலாம், அவருக்கு அந்த கண்டிஷன் கெடையாது, மனைவி கூட இருக்காங்கங்கறதுக்காக அந்த தொகை ஒரு பென்ஸ் கூட ஏறவும் போறதில்ல, அதனால அவர் வாங்கறதால உங்க விசாவுக்கு எந்த கெடுதலும் இல்ல. இதே பயத்துல சில அம்மாங்க புள்ளைய கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல சேர்க்கவும் டாக்டர்கிட்ட காட்டவும் கூட தயங்குறாங்க, அது ரெண்டும் பப்ளிக் ஃபண்ட்ஸ்ல வராது, தைரியமா போங்க.

இப்ப முதல் கேள்வி. சிட்டிசன் பாஸ்போர்ட் மட்டும் போதாது. 2014 ஜூலை 1-ல இருந்து ஒரு ரூல் இருக்கு, வெளிநாட்டுல இருந்து வந்து அப்ளை பண்றவர் அதுக்கு முன்னாடி மூணு மாசம் யூகேல வாழ்ந்திருக்கணும், இது திரும்பி வர்ற பிரிட்டிஷ்காரங்களுக்கும் பொருந்தும். 52 வாரத்துக்கு உள்ள திரும்பிட்டா விலக்கு உண்டு, நீங்க ரெண்டு வருஷத்துக்கு மேல இங்க இருந்துட்டதால அது உங்களுக்கு உதவாது. வேலை பாக்கறவங்களுக்குன்னும் விலக்குல ஒரு பிரிவு இருக்கு, அதனால அவர் வேலைக்கு சேர்ந்த லெட்டரையும் முதல் சம்பள ஸ்லிப்பையும் எடுத்து வச்சுக்கட்டும், ஆனா அதயே நம்பி பிளான் போட வேணாம், மூணு மாசம் ஓடியாகணும்னே கணக்கு வைங்க.

நீங்க பெருசா கவலைப்பட்டிருக்கற விஷயம், அதாவது ஒண்ணா போக முடியலயே, அவர் ஜனவரிலயும் நாங்க ஏப்ரல்லயும் போறோமே, பணம் இன்னும் லேட்டாகுமேங்கறது. நெஜத்துல இது உங்களுக்கு சாதகமா தான் இருக்கு. அந்த மூணு மாசம் அப்ளை பண்றவருக்கு தான் ஓடும், புள்ளைங்களுக்கு இல்ல. அவர் ஜனவரில எறங்குன நாள்ல இருந்து எண்ணுனா ஏப்ரல் கடைசில நீங்க எறங்கும்போது மூணு மாசம் தாண்டியிருக்கும், புள்ளைங்க அங்க வந்து அவரோட இருக்க ஆரம்பிச்ச வாரத்துல இருந்தே தகுதி வந்துடும். நாலு பேரும் ஏப்ரல்ல ஒண்ணா போயிருந்தா ஜூலை கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டியதா இருந்திருக்கும். ஒரே ஒரு விஷயம், ஜனவரில போன வேகத்துல அவர் அப்ளை பண்ணிடக்கூடாது. புள்ளைங்க பெரம்பூர்ல இருக்கற வரைக்கும், அங்கிருந்து அவர் செலவுக்கு பணம் அனுப்பிட்டே இருந்தாலும், ஒண்ணும் கெடைக்காது. புள்ளை அந்த நாட்டுல இருக்கணும்.

லேட்டும் பண்ணாதீங்க. பின்தேதியிட்டு மூணு மாசம் வரைக்கும் தான் தருவாங்க. வீடு செட்டாகட்டும், ஸ்கூல் கெடைக்கட்டும்னு ஆறு மாசம் விட்டுட்டா நடுவுல இருக்கற மூணு மாசப் பணம் போச்சு, யார்கிட்ட கேட்டாலும் திரும்ப வராது.

மூணு மாசம் தவிர இன்னொண்ணும் பாப்பாங்க, ஆர்டினரிலி ரெசிடென்ட்டாங்கறது. 1982-ல, அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸோட ஒரு கேஸ்ல இதுக்கு அர்த்தம் சொல்லியிருக்கு: தானா விரும்பி வந்து, ஒரு நெலையான நோக்கத்தோட, வழக்கமான வாழ்க்கைய அங்க நடத்தணும். வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு அரசு தர்ற யூனிவர்சல் கிரெடிட்டுக்கு பாக்கற ஹேபிச்சுவல் ரெசிடென்ஸ் டெஸ்ட் வேற, அதையும் இதையும் குழப்பிக்கிட்டு வேற வீட்டு அனுபவத்த உங்களுக்கு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க. அதே மாதிரி ரெண்டு குழந்தைக்கு மேல கெடையாதுன்னு சொல்றாங்களே, அது யூனிவர்சல் கிரெடிட் பக்கம் வந்த பேச்சு, சைல்டு பெனிஃபிட்ல எத்தன குழந்தைங்கற வரம்பே இல்ல.

நெலையா குடியேற தான் வந்திருக்கோம்னு காட்ட அந்தப் பக்கம் வாடகை அக்ரிமெண்ட், கவுன்சில் டேக்ஸ் பில், ஸ்கூல் அட்மிஷன், டாக்டர்கிட்ட ரெஜிஸ்டர் பண்ணதுன்னு பேப்பர் தானா சேர்ந்துடும். இந்தப் பக்கத்துப் பேப்பர தான் நம்மாளுங்க விட்டுடறாங்க. பொண்ணோட டிசி, பெரம்பூர் வீட்ட காலி பண்ணி அட்வான்ஸ் திரும்ப வாங்குனதுக்கு ஓனர் கையெழுத்து போட்ட சீட்டு, வண்டிய வித்ததுக்கு பேப்பர், சாமான் கார்கோல போட்ட ரசீது, எல்லாருடைய போர்டிங் பாஸும். வியாசர்பாடி பக்கம் 1964-க்கு அப்புறம் பர்மாவுல இருந்து வந்து குடியேறுன குடும்பங்க நெறைய, எந்தத் தேதில எந்த ஊருக்கு வந்து எறங்குனோம்னு காட்டற பேப்பர் எவ்வளவு பெறும்னு அந்த வீட்டுப் பெரியவங்கள கேட்டா சொல்வாங்க.

போர்டிங் பாஸ சும்மா சொல்லல. 2025-ல ஹெச்எம்ஆர்சி, அதாவது அங்க வரித்துறை, அவங்க தான் இந்தப் பணத்த தர்றாங்க, பயண ரெக்கார்ட வச்சு நாட்ட விட்டுப் போயிட்டாங்கன்னு சுமார் 23,500 குடும்பங்களுக்கு பணத்த நிறுத்துனாங்க. லீவுக்கு போயிட்டு ஒழுங்கா திரும்பி வந்தவங்க நெறைய பேர் அதுல மாட்டிக்கிட்டாங்க, போன ரெக்கார்டு இருந்துச்சு, வந்த ரெக்கார்டு இல்ல. அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க, ஆனா நடுவுல அலைஞ்சது அந்த அம்மா அப்பா தான்.

இதோட சேர்த்து உங்க மூணாவது கேள்விக்கு வரேன். 2023-ல நீங்க கெளம்புனப்ப ரெண்டு மாசத்துல திரும்பறதா தான் இருந்தீங்க. தற்காலிகமா வெளிய போனா பொதுவா 8 வாரம் வரைக்கும் சைல்டு பெனிஃபிட் தொடரும், குடும்பத்துல ஒருத்தரோட வைத்தியத்துக்காக போனா 12 வாரம் வரைக்கும். மாமனாரோட ஸ்ட்ரோக் அந்த 12 வாரத்துல வரும். அதனால முதல் 12 வாரப் பணம் நியாயமா உங்களோடது தான், அதுக்கு அப்புறம் வந்தது திருப்பித் தர வேண்டிய பணம். அவங்க கண்டுபிடிச்சு லெட்டர் போடற வரைக்கும் காத்திருக்காதீங்க மா. புது அப்ளிகேஷன் போட்டா பழைய கிளெய்ம் நம்பர் கண்டிப்பா கண்ல படும். அதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர் சைல்டு பெனிஃபிட் ஆபீஸுக்கு எழுதி, எந்தத் தேதில கெளம்புனோம், ஏன் கெளம்புனோம், எப்ப திரும்புனோம்னு சொல்லிடட்டும், ஸ்டான்லியோ ப்ரைவேட்டோ மாமனார் அட்மிட்டான ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு காப்பி வைக்கட்டும். தானா முன்வந்து சொன்னவங்கள அவங்க வேற மாதிரி தான் பாக்கறாங்க, அபராதம்னு வந்தாலும் கொறையும், மொத்தமா கட்ட முடியலன்னா தவணைல கட்ட விடுவாங்க. ஒரு உடம்பு சரியில்லாத பெரியவர பாத்துக்க வந்த குடும்பம் நீங்க, இதுல தலகுனிய ஒண்ணும் இல்ல, ஆனா மறைச்சா கதையே மாறிடும்.

பர்த் சர்டிஃபிகேட் விஷயத்துக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், நம்ம பக்கத்து ஃபைலுங்க நிக்கறதே இங்க தான். பொண்ணோடது அங்கயே பதிவானது, ஆன்லைன்லயோ ஹெச்எம்ஆர்சி ஆப்லயோ போடும்போது பிரச்சன வராது, பழைய கிளெய்ம் முடிஞ்சு போனதால அவளுக்கும் புதுசா தான் போடணும், அவ்வளவு தான். பையனோட பிறப்பு வெளிநாட்டுல பதிவானது, அதனால அவனோட ஒரிஜினல் பர்த் சர்டிஃபிகேட்டையும் அவன் உள்ள நுழைஞ்ச பாஸ்போர்ட்டையும் தபால்ல அனுப்பச் சொல்வாங்க. திரும்பி வர பொதுவா நாலு வாரம் வரைக்கும் ஆகும், அந்த நேரத்துல எங்கயும் ஃபிளைட் புக் பண்ணி வைக்காதீங்க, ட்ராக் பண்ற தபால்ல அனுப்புங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி மாநகராட்சி சர்டிஃபிகேட்ட எடுத்து ஒவ்வொரு எழுத்தா பாருங்க. முதல்ல புள்ளை பேரு அதுல இருக்கா? ஆஸ்பத்திரில பதியும்போது பேரு வைக்காம விட்டிருப்பாங்க, அப்புறம் போய் சேர்க்கறத பாதி பேர் மறந்துடறோம். அடுத்தது இனிஷியல். அப்பா பேரு பாஸ்போர்ட்ல விரிவா ரெண்டு பேரா இருக்கும், சர்டிஃபிகேட்ல ஒரு இனிஷியலும் ஒரு பேரும் தான் இருக்கும், அம்மா பேர்ல கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த இனிஷியல் அப்படியே நிக்கும். நமக்கு இது சாதாரணம், அங்க ஃபைல் பாக்கறவருக்கு இது ரெண்டு வேற வேற ஆளு. திருத்தம் பண்ண வேண்டியிருந்தா அவர் ஊர்ல இருக்கற இப்பவே மண்டல ஆபீஸ்ல கேட்டு முடிச்சுடுங்க, ஈஸ்ட் ஹாம்ல உக்காந்துட்டு ராயபுரத்துல திருத்தறது ரொம்ப கஷ்டம். திருத்த நேரமில்லன்னா ரெண்டு பேரும் ஒருத்தரேன்னு சொல்ற ஒரு கவரிங் லெட்டரும் கல்யாண சர்டிஃபிகேட்டும் கூட வைங்க. அப்புறம் அப்ளை பண்ணித் தரேன்னு ப்ரவுசிங் சென்டர்லயோ தெரிஞ்சவர் மூலமாவோ யாராவது ஆயிரக்கணக்குல கேட்டா குடுக்காதீங்க, இந்த கிளெய்முக்கு ஃபீஸே கெடையாது. ஆன்லைன் வேணாம்னா சிஹெச்2-ங்கற ஃபார்ம பூர்த்தி பண்ணி தபால்ல போடலாம்.

எவ்வளவு வரும்னா, 2025-26 ரேட்டுக்கு மூத்த குழந்தைக்கு வாரம் 26.05 பவுண்டு, அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 17.25. உங்களுக்கு வாரம் 43.30, நாலு வாரத்துக்கு ஒரு தடவ 173.20 அக்கவுண்ட்ல வரும். ஏப்ரல் தோறும் ரேட் மாறும். 60,000-க்கு மேல சம்பளம்னா கெடைக்கவே கெடைக்காதுன்னு உங்ககிட்ட சொன்னவங்க பாதி தான் சொல்லியிருக்காங்க. பணம் வரும், ஆனா 60,000-க்கு மேல ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் 1 சதவீதம் வரியா திருப்பி எடுப்பாங்க, 80,000 தொட்டா தான் முழுசா போகும். 64,000-னா 20 சதவீதம் போகும், வருஷத்துக்கு வர்ற சுமார் 2,250-ல 450 போய் 1,800 கைல நிக்கும். ரெண்டு பேர் வருமானத்த கூட்ட மாட்டாங்க, யாருது அதிகமோ அவங்கள்து மட்டும் தான். அவர் வருஷத்துக்கு 4,000 பவுண்டு பென்ஷன்ல கூடுதலா போட்டா கணக்குல எடுக்கற வருமானம் 60,000-க்கு வந்துடும், அந்த 450-ம் மிஞ்சும். சேர்ந்த உடனே கம்பெனி ஹெச்ஆர்கிட்ட இத கேக்கச் சொல்லுங்க.

நாளைக்கு அவர் சம்பளம் 80,000 தாண்டுனாலும் கிளெய்ம ரத்து பண்ணாதீங்க, பணம் வேணாம்னு மட்டும் டிக் பண்ணிட்டு கிளெய்ம உயிரோட வைங்க. 12 வயசுக்குக் கீழ குழந்தை இருக்கற வரைக்கும் இந்த கிளெய்ம்ல நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட் வரும், அது அரசு பென்ஷனுக்கு எண்ணப்படும், புள்ளைங்களுக்கும் 16 வயசு ஆகறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் நம்பர் தானா வீட்டுக்கு வரும். உங்க வீட்டுக்காரருக்கு சம்பளத்துலயே அந்த வருஷம் நிறைஞ்சுடும்ங்கறதால அவருக்கு இந்த கிரெடிட் தேவப்படாது, சின்னவன பாத்துட்டு வீட்ல இருக்கப்போறது நீங்க தான். வரி வருஷம் முடிஞ்ச அப்புறம் சிஎஃப்411ஏ-ங்கற ஃபார்ம் போட்டு அந்த கிரெடிட்ட உங்க பேருக்கு மாத்தச் சொல்லலாம். பின்னாடி உங்களுக்கு நிரந்தரமா தங்கற அனுமதி வந்து அந்த கண்டிஷன் எடுபட்ட அப்புறம், கிளெய்மயே உங்க பேருக்கு மாத்திக்கிட்டா இந்த ஃபார்முக்கும் வேலை இருக்காது.