20 வயது இன்டெக்ராவுக்கு இன்னும் 5 ஆண்டு வாங்கலாமா?

கேள்வி: நான் வைத்திருப்பது டிசி5 ரக ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர். 2006இல் சிங்கப்பூரில் பதிவானது. முதல் உரிமையாளர் 2016இல் சிஓஇயை (காரை ஓட்ட அரசு ஏலத்தில் விற்கும் உரிமைச் சான்றிதழ்) 10 ஆண்டுக்குப் புதுப்பித்தார், 2019இல் நான் வாங்கினேன். வரும் நவம்பரோடு அந்தச் சான்றிதழ் முடிகிறது. காலையில் முதல் தடவை எஞ்சினைக் கிளப்பும்போது இரண்டு விநாடி கடகடவென்று சத்தம் வருகிறது. 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறைகிறது. மூன்றாம் கியர் சில நேரம் கரகரக்கிறது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துச் செய்ய 8,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார்கள். சேமிப்பு 62,000 வெள்ளி. நானும் மனைவியும் சேர்ந்து மாதம் கையில் வாங்குவது 7,600. கார் செலவு போக வீட்டுச் செலவு 4,300. மகள் அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாள். வண்டியை விட்டுவிடு என்கிறார் மனைவி. 5 ஆண்டு புதுப்பிக்கலாமா, 10 ஆண்டா, இல்லை விட்டுவிடலாமா?
— ஈசூன் வாசகர்

பதில்: வேறு ஊராக இருந்தால் 8,500 வெள்ளி பழுது என்றதும் அதைத்தான் முதலில் பேசியிருப்பேன். சிங்கப்பூரில் கதை வேறு. இங்கே காரைவிட அதை ஓட்டுவதற்கான சான்றிதழ்தான் விலை கூடியது. உங்கள் கார் 1,998 சிசி, அதனால் சிஓஇயில் பெரிய கார்களுக்கான பி பிரிவு. கடைசி மூன்று மாத ஏலத்தின் சராசரிதான் புதுப்பிக்கும் கட்டணம். கணக்குக்கு 110,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டும் மாதத்தில் நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் எண்ணை அதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். 5 ஆண்டுக்குப் பாதி, 55,000. ஆண்டுக்கு 11,000, நாளுக்கு 30 வெள்ளி. வண்டி கார்ப்பேட்டையில் அசையாமல் நின்றாலும் இந்த 30 போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் எஞ்சின் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் சோதனை, அப்புறம்தான் மற்ற முடிவு எல்லாம். நவம்பர் வரை நேரம் இருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பழைய ஜப்பான் கார் ஒன்றை வைத்துக்கொண்டு நிறையப் பணம் கொடுத்துப் பாடம் படித்தவன். ஒருமுறை ஏசி குளிரவில்லை என்று போனபோது கம்ப்ரசரையே மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பிறகும் குளிரவில்லை. கடைசியில் கோளாறு ஒரு சின்ன ரிலேயில் இருந்தது. அன்றிலிருந்து, எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்காமல் நான் எந்தப் பட்டறையிலும் காசு கொடுப்பதில்லை. உங்கள் 8,500க்கும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கே20ஏ எஞ்சினில் நீங்கள் சொல்லும் மூன்று கோளாறும் புதிதல்ல. குளிர்ந்த எஞ்சினில் வரும் கடகட சத்தத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. வால்வு நேரத்தை மாற்றும் விடிசி ஆக்சுவேட்டர் தேய்ந்திருக்கலாம், அது பெரும்பாலும் காதுக்குத்தான் தொல்லை. டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் போயிருந்தால் விஷயம் பெரியது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். செயின் உறையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைக் கழற்றினால் டென்ஷனர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம், எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம்.

எண்ணெய் குறைவதை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும், 8,500 வேண்டுமா வேண்டாமா என்பதே அதில்தான் இருக்கிறது. முதலில் வண்டி நிற்கும் இடத்தின் தரையைப் பாருங்கள். விடெக் (வால்வு திறக்கும் அளவை மாற்றும் அமைப்பு) சோலனாய்டு கேஸ்கெட், செயின் உறை, வால்வு மூடி ஆகிய இடங்களில் கசிந்தால் அது ரப்பர் செலவுதான். தரை சுத்தமாக இருந்தால் எண்ணெய் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் இப்படி எரியும், அது மிக மலிவான பாகம். ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீல் மேல் சந்தேகம். மிதித்து ஏறும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் வளையம். வளையம் என்றால்தான் எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு. சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும், அது எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையும் எடுத்து நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதி வாங்குங்கள். கம்ப்ரஷனில் நான்குக்கும் இடையே வித்தியாசம் 200 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். சோதனை முடியும்வரை எண்ணெய் மட்டத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். இந்த எஞ்சினில் விடெக் வேலை செய்வதே எண்ணெய் அழுத்தத்தில்தான். எண்ணெய் குறைந்த நிலையில் 8,000 சுற்றுக்கு ஏற்றினால் இல்லாத பழுதும் வந்து சேரும்.

மூன்றாம் கியர்? முதலில் கியர் எண்ணெயை ஹோண்டா சொல்லும் ரகத்துக்கு மாற்றிப் பாருங்கள். கரகரப்பு போகாவிட்டால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அதோடும் சில காலம் ஓட்டலாம், கியரை அவசரமாகத் தள்ளாமல்.

சோதனைக்கு எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போவதில் தவறில்லை, கூலி குறைவு. அங்கே ‘ஆஃப் கட்’ எஞ்சின் (வெட்டிப் பிரித்த பழைய காரிலிருந்து எடுத்தது) ஒன்றை மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். எஞ்சின் எண் உங்கள் வண்டிப் பதிவில் இருக்கிறது, மாற்றினால் ஆணையத்திடம் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் ஆண்டுச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். 10 வயது தாண்டிய கார் என்பதால் அந்தச் சோதனை உங்களுக்கு ஆண்டுதோறும் உண்டு.

இனிக் கணக்கு. 2.0 லிட்டர் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 1,210 வெள்ளி. 14 வயது தாண்டியதால் 50 விழுக்காடு கூடுதல், ஆக 1,815. காப்புறுதி 1,900 என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வயது வண்டிக்கு முழுக் காப்புறுதி தர எல்லா நிறுவனமும் முன்வராது, அதையும் இப்போதே விசாரியுங்கள். பெட்ரோலுக்கு 3,000, கூரையுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மாதாந்தர நிறுத்தத்துக்கு 1,320, பழுதுக்கு 3,000. மொத்தம் 11,035, மாதம் சுமார் 920. பழுதுக்கான 3,000ஐக் குறைக்காதீர்கள். அதைத் தனிக் கணக்கில் மாதம் 250 என்று போட்டு வையுங்கள்.

10 ஆண்டா, 5 ஆண்டா? ஆண்டுக்கு ஆகும் விலை இரண்டுக்கும் ஒன்றுதான். வண்டியைப் பாதியில் பதிவு நீக்கினால், மீதிக் காலத்துக்கான சிஓஇ பணம் விகிதப்படி இரண்டிலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் 5 ஆண்டு எடுத்தால் அதன்பின் மறுபடி புதுப்பிக்க முடியாது, வண்டியைப் பதிவு நீக்கியே ஆக வேண்டும். 10 எடுத்தால் கதவு திறந்திருக்கும். சரி, அப்படியானால் 10தானே நல்லது? கையில் 110,000 இருப்பவருக்கு நல்லது. உங்களிடம் இருப்பது 62,000. உங்களுக்கு 5தான்.

55,000ஐயும் ரொக்கமாகக் கட்டினால் 7,000தான் மிஞ்சும். பள்ளி போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது போதாது. 15,000 கையிலிருந்து போட்டு, 40,000 கடன் வாங்குங்கள். வட்டி ‘3 விழுக்காடு’ என்று சொன்னால் அது முழுத் தொகைக்கும் 5 ஆண்டும் போடும் நிலை வட்டி. 6,000 வட்டி, மாதத் தவணை 767. குறைந்துவரும் நிலுவைக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி 5.6 விழுக்காடு. முன்கூட்டி அடைத்தாலும் நினைத்த அளவு மிச்சமாகாது. முதல் ஆண்டுகளில்தான் வட்டியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்கள்.

ஆனாலும் இந்தக் கடனில் உங்களுக்கு ஒரு வெளிவழி உண்டு. இரண்டு ஆண்டில் எஞ்சின் கைவிட்டது என்று வையுங்கள். சிஓஇயில் திரும்ப வருவது 33,000. கடன் நிலுவை சுமார் 25,400. கடனை முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் போக ஏழாயிரத்துக்கு நெருக்கமாக மிஞ்சும். நடுவில் நின்றாலும் கடனில் மூழ்க மாட்டீர்கள்.

மாதக் கணக்கில் 7,600இலிருந்து வீடு, கார், தவணை எல்லாம் போக 1,613 மிஞ்சும். கையில் 47,000 நிற்கும். ஆறு மாதச் செலவுக்கு 36,000 வேண்டும். ஆக, தாங்கும்.

இப்போது உங்கள் மனைவி கேட்கும் கேள்வி. கார் இல்லாமல் பேருந்து, ரயில், அவசரத்துக்கு டாக்சி என்று மாதம் 300 வைத்தால், 5 ஆண்டில் வித்தியாசம் ஏறத்தாழ 98,000 வெள்ளி. இரண்டு கதவு கார், பின்சீட்டில் பிள்ளையை உட்கார வைக்க இன்னொருவர் இடுப்பை வளைக்க வேண்டும். அந்த இடுப்பு யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த 98,000ஐத் தாளில் எழுதி அவரிடம் காட்டிப் பேசுங்கள், பழுதுக் கணக்கை மட்டும் காட்டாதீர்கள்.

சோதனை எண்கள் நன்றாக வந்து, டென்ஷனரும் சரியாக இருந்து, மனைவியும் ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு புதுப்பியுங்கள். சில்லறைப் பழுதுகளை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிஸ்டன் வளையம் போயிருந்தால் 8,500ஐயும் 55,000ஐயும் சேர்த்துப் போடாதீர்கள், வண்டியை விட்டுவிடுங்கள். பத்து வயதுக்குள் பதிவு நீக்கும் காருக்கு அரசு திருப்பித் தரும் பார்ஃப் தள்ளுபடி 2016இலேயே போய்விட்டது, நவம்பரில் சிஓஇ முடிந்து பதிவு நீக்கும்போது அரசிடமிருந்து எதுவும் வராது. ஆனால் டைப் ஆர் என்பதால் ஏற்றுமதியாளர்கள் இரண்டு, மூன்று பேரிடம் விலை கேளுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் தொகையை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ரெக்காரோ இருக்கைகளும் பிரெம்போ பிரேக்கும் அசலாக இருந்தால் அதையும் சொல்லி விலை பேசுங்கள்.