நிலாவைச் சுற்றி வரும் வழிக்கும் காப்புரிமையா?

கேள்வி: சிறிய விண்வெளி நிறுவனம் ஒன்றில் பாதைக் கணக்கீடு செய்யும் பொறியாளர் நான். ராக்கெட் சொதப்பி, செயற்கைக்கோள் தவறான பாதையில் நின்றுவிட்டால், நிலாவின் ஈர்ப்பைப் பயன்படுத்தி மீட்கலாம் என்று அவசரகாலத் திட்டத்தில் எழுதியிருந்தேன். ‘அதற்கு போயிங்கிடம் காப்புரிமை இருக்கிறது, கை வைக்காதே’ என்கிறார் மேலாளர். விண்வெளியில் போகும் வழிக்குக்கூட காப்புரிமை வாங்க முடியுமா? எங்களுக்கு இது உண்மையிலேயே தடையா?

பதில்: மேலாளர் சொல்வது ஒரு காலத்தில் சரி. அவர் குறிப்பிடும் அமெரிக்கக் காப்புரிமைக்கு 1998-ல் விண்ணப்பித்தார்கள், 2000-ல் கிடைத்தது. அங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள் என்பதால் 2018-ஓடு அது முடிந்துவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காக உங்கள் திட்டத்திலிருந்து எதையும் அடிக்க வேண்டாம். ஆனால் அவர் பயத்துக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு காப்புரிமை அதே இடத்தில் வந்து நிற்கலாம்.

1997 டிசம்பரில் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய புரோட்டான் ராக்கெட்டின் மேல்நிலை (கடைசியில் எரியும் அடுக்கு) பழுதாகி, ஏசியாசாட் 3 என்ற செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்குச் சுமார் 51 டிகிரி சாய்வான பாதையில் மாட்டிக்கொண்டது. சாய்வை நிமிர்த்த எவ்வளவு எரிபொருள் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பூமியிலிருந்து வெகுதூரம் போனால் வேகம் குறையும், அங்கே பாதையைத் திருப்புவது மலிவு, நிலாவே பாதி வேலையைச் செய்துவிடும் என்ற யோசனையை எட்வர்ட் பெல்புருனோ, ரெக்ஸ் ரைடனோர் என்ற இரண்டு வெளி நிபுணர்கள், அதைக் கட்டிய ஹியூஸ் நிறுவனத்திடம் கொண்டுபோனார்கள். ஹியூஸ் பொறியாளர்கள் அவர்கள் காட்டிய வழியை விட்டுவிட்டு, நிலாவருகே இன்ஜினை இயக்காமலே தானாகத் திரும்பி வரும் வேறொரு எளிய பாதையை எடுத்தார்கள். 1998 மே, ஜூன் மாதங்களில் இரண்டு முறை நிலாவருகே போய்த் திரும்பிய அந்தச் செயற்கைக்கோள், எச்ஜிஎஸ்-1 என்ற புதுப் பெயரோடு வேலைக்கும் வந்தது. ஹியூஸ் அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியது. 2000-ல் ஹியூஸின் செயற்கைக்கோள் பிரிவை போயிங் வாங்கியபோது அதுவும் சேர்ந்தே கைமாறியது.

2008 மார்ச்சில் அதே பைக்கானூர், அதே வகை ராக்கெட். மேல்நிலை இரண்டாவது தடவை எரியும்போது முன்கூட்டியே அணைந்து, எஸ்இஎஸ் நிறுவனத்தின் ஏஎம்சி-14 செயற்கைக்கோள் அரைவழியில் நின்றது. நிலா வழியையும் பரிசீலித்தார்கள். போயிங்கின் காப்புரிமை குறுக்கே வந்தது என்றும், வேறொரு விவகாரத்தில் எஸ்இஎஸ் தொடுத்திருந்த 5 கோடி டாலர் வழக்கைக் கைவிட்டால் பேசலாம் என்று போயிங் தரப்பு சொன்னதாகவும் அப்போது செய்திகள் வந்தன. எஸ்இஎஸ் வெளியே சொன்ன காரணம் வேறு: தொழில்நுட்ப ஆபத்தும், மீட்டாலும் மிஞ்சக்கூடிய குறைந்த ஆயுளும். ஒரு மாதத்துக்குள் முழு இழப்பு என்று அறிவித்துக் காப்பீட்டைக் கோரினார்கள். பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதை வாங்கிக்கொண்டது. என் கணிப்பில், அந்தக் காப்புரிமை நீதிமன்றத்தில் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த யோசனை புதிதல்ல, 1980-களிலேயே ஐஎஸ்இஇ-3 விண்கலம் நிலாவருகே பலமுறை போய்ப் பாதையை மாற்றிக்கொண்டது. ஆனால் அதை நிரூபிக்க யாருக்கு நேரம்?

தடை எங்கே இருக்கிறது என்றால், இந்த நேரத்தில்தான். அமெரிக்காவில் ஒரு காப்புரிமையின் செல்லுபடியை எதிர்த்து மனு போட்டால், விசாரணைக்கு ஏற்பதா என்று முடிவாகவே சுமார் ஆறு மாதம். தீர்ப்புக்கு மேலும் ஒரு வருடம். தவறான பாதையில் நிற்கும் செயற்கைக்கோளோ ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் புகுந்து வருகிறது. சூரியத் தகடு தேய்கிறது. காப்பீட்டு நிறுவனம் பதிலுக்குக் காத்திருக்கிறது. சில வாரத்தில் முடிவெடுக்க வேண்டியவரிடம் பலவீனமான காப்புரிமைக்கும் நல்ல பேர பலம் இருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பாதை யாருக்கும் சொந்தமில்லை. உரிமை கோருவது செய்முறைக்கு: இந்த இடத்தில் இன்ஜினை இயக்கு, நிலாவை இப்படிக் கடந்து போ, திரும்பி வந்ததும் இப்படி வேகத்தைக் குறை. ஆகவே காப்புரிமையின் தலைப்பைப் பார்த்துப் பயப்படாமல், கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் கோரிக்கைகளைப் படியுங்கள். அதில் சொன்ன படிகளில் ஒன்றை நீங்கள் செய்யவே இல்லையென்றால் பெரும்பாலும் மீறல் கிடையாது.

அடுத்து, எந்த நாட்டுக் காப்புரிமை? அமெரிக்கச் சட்டத்தின் 105-வது பிரிவு, அந்நாட்டு அதிகாரத்தில் உள்ள விண்கலத்தில் நடப்பதை அமெரிக்க மண்ணில் நடப்பதாகவே கருதுகிறது. வேறு நாட்டின் பதிவேட்டில் உள்ள கலத்துக்குப் பொதுவாக விலக்கு உண்டு. எனவே உங்கள் செயற்கைக்கோள் இந்தியப் பதிவில் இருந்து, கட்டளைகளும் இங்கிருந்தே போனால் அமெரிக்கக் காப்புரிமை எட்டுவது கடினம். தரைநிலையத்தை அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்தால் மட்டும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு செய்முறையின் எல்லாப் படிகளும் அங்கே நடந்தால்தான் அது அமெரிக்காவுக்குள் பயன்படுத்தியதாகும் என்று 2005-ல் பிளாக்பெர்ரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம்.

இந்தியாவில் வெறும் கணித முறைக்கும் அல்காரிதத்துக்கும் 3(கே) பிரிவின்படி காப்புரிமை கிடையாது. ஆனால் இன்ஜினை இயக்கும் படிகளாக எழுதிய விண்ணப்பத்தை அந்த ஒரு பிரிவே தள்ளிவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஏவுதலுக்கு ஆறு மாதம் முன்பே தேடி, கிடைத்ததை எழுதி வையுங்கள். ஏதாவது இடித்தால், ‘நாங்கள் செய்யப்போவது உங்கள் கோரிக்கைக்குள் வரவில்லை’ என்று உரிமையாளருக்கு முழு விவரத்தோடு எழுதி ஒப்புதல் கேளுங்கள். மறுத்தாலோ பதிலே போடாவிட்டாலோ, மீறல் இல்லை என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றம் போகலாம். அதுவும் 105-வது பிரிவுதான், ஆனால் இது நம் சட்டத்தில், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அவசரகாலத் திட்டத்தில் மீட்புக்கு ஒரே வழியை எழுதாமல் இரண்டு மூன்றை எழுதுங்கள். நிலா வழி, கலத்தின் சொந்த எரிபொருளை மட்டும் வைத்து மெதுவாக ஏறும் வழி, மின் உந்துதல் இருந்தால் அது. மாற்று வழி கையில் இருந்தால் எதிராளியின் விலை தானாக இறங்கும். அப்புறம் காப்பீட்டுப் பத்திரம்: முழு இழப்பு என்று பணம் வாங்கிய பிறகு கலம் யாருக்குச் சொந்தம், மீட்க முயலும் உரிமை யாருக்கு, காப்புரிமைக் கட்டணம் கேட்டால் கொடுப்பது யார் என்ற மூன்றுக்கும் கையெழுத்துக்கு முன்பே பதில் வாங்குங்கள். ஏசியாசாட் 3-ஐ ஹியூஸ் நிலாவுக்கு அனுப்ப முடிந்ததே காப்பீட்டாளர்கள் பணத்தைக் கொடுத்து முடித்து, அதன் உரிமையை ஹியூஸிடம் ஒப்படைத்த பிறகுதான்.