பரிணாமம் நடந்து முடிந்த கதைதானே, பொறியியல் மாணவனுக்கு அது எதற்கு?

பாளையங்கோட்டைத் தம்பி கேட்டிருக்கிறார்: "பரிணாமத்தை யாரும் நேரில் பார்க்க முடியாது. மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு அதனால் என்ன பயன்?"

பார்க்க முடியும், தம்பி. 1988-இல் அமெரிக்காவில் உயிரியலாளர் ரிச்சர்டு லென்ஸ்கி ஈ.கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறைய வைப்பார்கள். 31,000 தலைமுறை தாண்டியதும் ஒரு குடுவையில் மட்டும், ஆக்சிஜன் இருக்கும்போதே குடுவையில் இருந்த சிட்ரேட் என்ற உப்பை உண்ணும் வகை தோன்றியது; சாதாரண ஈ.கோலையால் இது முடியாது. உறைந்த மூதாதைகளை எழுப்பி மறுபடி வளர்த்துப் பார்த்தார்கள். முன்பே நேர்ந்த மாற்றங்கள்தான் அதற்கு வழிவிட்டிருந்தன. எனக்கு இதைவிட அழகான சோதனை தெரியாது.

இனி உங்கள் துறை. கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகளைப் பாருங்கள். முன்னால் நிற்பது பின்னால் நிற்பதன் காற்றைக் குலைக்கும். நூறு ஆலைகளை எங்கெங்கே நடுவது? எல்லா வாய்ப்பையும் கணக்கிட ஆயுள் போதாது. அதனால் சில நூறு வரைபடங்களைக் கண்டபடி உருவாக்கி, அதிக மின்சாரம் தருபவற்றை மட்டும் வைத்து, அவற்றைக் கலந்து, அங்கங்கே லேசாக மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். இதுதான் ஜெனடிக் அல்காரிதம். நம் தாத்தாமார் நல்ல கதிராகப் பார்த்து விதைநெல்லுக்கு ஒதுக்கியதும் இதே தேர்வுதான். 2006-இல் நாசா அனுப்பிய எஸ்டி5 செயற்கைக்கோள்களின் கோணல்மாணலான ஆன்டெனாவும் இந்த வழியில் பிறந்தது. நொதிகளை இப்படி வளர்த்தெடுத்த பிரான்சஸ் ஆர்னால்டு 2018-இல் வேதியியல் நோபல் பெற்றார்.

செய்து பார்க்கும்போது, எந்த வரைபடம் நல்லது என்று எடைபோடும் மதிப்பெண் விதியில் கவனம் வையுங்கள். மின்சாரத்தை மட்டும் எண்ணி கேபிள் செலவை விட்டுவிட்டால், அல்காரிதம் ஆலைகளை மூலைக்கொன்றாகச் சிதறடித்துவிடும்.